கொள்ளையனின் தலைத்துணி

(தில்லியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கடலே இல்லாத ஊரில் நின்றுகொண்டு கடற்கொள்ளையரின் உடையைப் பற்றிப் பேசப் போகிறேன். தலைப்பைக் கேட்டதும் சிலர் சிரித்தீர்கள். சிரிக்கலாம். ஆனால் இந்த நகரத்துக்கும் அந்த உடைக்கும் உள்ள தொடர்பு நீங்கள் நினைப்பதைவிட நெருக்கமானது. பேச்சின் போக்கில் அது தெரியவரும்.

பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்குப் பிள்ளையைக் கடற்கொள்ளையனாக அனுப்ப வேண்டும் என்று வாடகைக் கடையில் கேட்டுப் பாருங்கள். மண்டையோடு போட்ட கறுப்புத் தொப்பி, ஒற்றைக் கண்ணுக்குப் பட்டி, கோடுபோட்ட பனியன், இடுப்பில் சிவப்புத் துணி, கைக்கு ஒரு பிளாஸ்டிக் கொக்கி, எல்லாம் ஒரே பையில் வரும். தில்லியிலும் அதே பை, சென்னையிலும் அதே பை. இந்த உருவத்தை நம் கண்ணில் பதிய வைத்தவர்களில் முதன்மையானவர் ஹோவர்ட் பைல் என்ற அமெரிக்க ஓவியர். 1911இல் இறந்தார். அட்லாண்டிக் கொள்ளையரின் காலம் ஓய்ந்து ஒன்றரை நூற்றாண்டு ஆன பிறகு, பத்திரிகைகளுக்கும் சிறுவர் நூல்களுக்கும் படம் போட்டவர். தலைத்துணி, இடுப்புக்கச்சை, காது வளையம் எல்லாவற்றையும் ஸ்பானிய நாட்டுப்புற உடைகளின் சாயலில் கூட்டிச் சேர்த்தார். ஹாலிவுட் அதை எடுத்துக்கொண்டது. நாமும் எடுத்துக்கொண்டோம்.

உண்மையில் கடற்கொள்ளையருக்கென்று தனி உடை எங்குமே இருந்ததில்லை. தான் புறப்பட்ட துறையில் மீனவனும் மாலுமியும் எதை உடுத்தினார்களோ அதைத்தான் அவனும் உடுத்தினான். அதற்கு மேல், கொள்ளையில் கிடைத்த துணி. நம் சரோஜினி நகர் சந்தையில் ஏற்றுமதியில் கழிந்த மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிறார்களே, அதுபோல எந்த மூட்டை கையில் சிக்கியதோ அது மேலே ஏறியது. ஆகவே ஊருக்கு ஊர் கொள்ளையர் உடை வேறுபட்டது என்று சொல்லும்போது, உண்மையில் இரண்டு வேறுபாடுகளைப் பேசுகிறோம். ஒன்று அவனுடைய துறை. மற்றது அவன் வழிமறித்த சரக்குப் பாதை. இரண்டாவதில்தான் இந்தியா வருகிறது, ஏராளமாக வருகிறது.

முதலில் அட்லாண்டிக். அங்கே சாதாரணக் கொள்ளையன் சாதாரண மாலுமி. கித்தான் கால்சராய், கட்டம்போட்ட சட்டை, குட்டைச் சட்டைக்கு மேல் நீர் இறங்காமலிருக்கத் தார் பூச்சு, கம்பளிக் குல்லாய். பூட்ஸ் அணிந்து கயிற்றேணி ஏறினால் வழுக்கி விழுவான், ஆகவே கப்பலில் பெரும்பாலும் வெறுங்கால்தான். தலைவர்கள் விஷயம் வேறு. 1722 பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கரையோரம் ஆங்கிலப் போர்க்கப்பலோடு மோதி இறந்த பார்த்தலோமியோ ராபர்ட்ஸ், சண்டைக்கென்றே சிங்காரித்துக்கொண்டு வந்தாராம். கருஞ்சிவப்புப் பூவேலைப் பட்டில் மேற்சட்டையும் கால்சராயும், தொப்பியில் சிவப்பு இறகு, கழுத்தில் தங்கச் சங்கிலி, அதில் வைரச் சிலுவை, தோளில் பட்டு வார், அதில் தொங்கும் கைத்துப்பாக்கிகள். 1724இல் லண்டனில் வெளியான கொள்ளையர் வரலாற்று நூல் இதைச் சொல்கிறது. அந்த நூலில் கதை கலந்திருக்கிறது என்பது தெரிந்ததுதான். ஆனாலும், அவர் விரும்பியிருந்தபடியே உடுத்திய உடையோடு தோழர்கள் அவரைக் கடலில் போட்டார்கள் என்ற செய்தியில் ஏதோ உண்மையின் மணம் இருக்கிறது. நிலத்தில் அந்த உடையை அவர் உடுத்தியிருந்தால் பிறப்புக்கு மீறிய அலங்காரம் என்று சிரித்திருப்பார்கள். கடலில் கேட்பாரில்லை.

எனக்கு ராபர்ட்ஸின் பட்டைவிட இன்னொரு பட்டு முக்கியமாகப் படுகிறது. 1717இல் அமெரிக்காவின் கேப் காட் கரையருகே புயலில் மூழ்கிய 'விடா' என்ற கொள்ளைக் கப்பலின் சிதைவு 1984இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து ஒரு சிறிய தோல் காலணியும், ஒரு பட்டுக் காலுறையும், அதற்குள் ஒரு சிறுவனின் கால் எலும்பும் எடுத்தார்கள். கொள்ளையரோடு தானே விரும்பிச் சேர்ந்துகொண்ட ஜான் கிங் என்ற பையனுடையதாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. பையனுக்கு வயது பத்தை ஒட்டித்தான் இருந்திருக்கும். மாறுவேடப் போட்டிப் பிள்ளைகளின் வயதுதான்.

இப்போது நம் துணிக்கு வருகிறேன். 1720 நவம்பரில் ஜமைக்காவில் தூக்கிலிடப்பட்ட ஜான் ராக்கம் என்பவருக்கு 'காலிக்கோ ஜாக்' என்று பட்டப்பெயர். நம் கோழிக்கோட்டின் பெயரால் உலகம் அறிந்த பருத்தித் துணியை உடுத்தியதால் வந்த பெயர். அதற்கு முந்தைய ஆண்டு, 1719இல், லண்டனில் என்ன நடந்தது தெரியுமா? இந்தியச் சீட்டி உடுத்தித் தெருவில் போன பெண்களை உள்ளூர் நெசவாளர்கள் வழிமறித்து, உடையைக் கிழித்து, மையை ஊற்றினார்கள். தங்கள் பிழைப்பில் மண் விழுந்த கோபம். 1721இல் சீட்டி உடுத்துவதையே நாடாளுமன்றம் தடைசெய்தது. லண்டன் சீமாட்டி உடுத்த முடியாமல் போன துணி கரீபியக் கடலில் ஒரு கொள்ளையனின் அடையாளமாக இருந்தது.

ராக்கத்தின் கப்பலில்தான் ஆன் போனி, மேரி ரீட் என்ற இரு பெண்கள் இருந்தார்கள். வழக்கில் ஒரு பெண் சாட்சி சொன்னாள். படகில் சாமான்களோடு போய்க்கொண்டிருந்தபோது தன்னைக் கொள்ளையடித்தவர்களில் இவர்களும் உண்டு, ஆண்களின் சட்டையும் நீண்ட கால்சராயும் அணிந்து தலையில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள் என்றாள். வேறு இரு சாட்சிகள் சொன்னது இன்னும் சுவையானது. சண்டை வரும்போது ஆண் உடை, மற்ற நேரத்தில் பெண் உடை. தலையில் கட்டிய கைக்குட்டை என்ன துணி என்று நீதிமன்றம் கேட்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையின் கட்டம்போட்ட கைக்குட்டைகள் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் கப்பல் கப்பலாகப் போயின. பழவேற்காட்டின் பெயரிலேயே ஒரு கைக்குட்டை வகை விற்றது. மெட்ராஸ் கைக்குட்டை இன்றும் மார்ட்டினிக், செயின்ட் லூசியா தீவுகளில் பெண்களின் மரபுத் தலைக்கட்டு. படத்தில் கொள்ளையன் தலையில் காணும் அந்தச் சிவப்புக் கட்டம் நம் செங்கல்பட்டுச் சீமைத் தறியிலிருந்து போயிருக்கவும் கூடும். சாட்சியம் அதற்கு மேல் இடம் தரவில்லை. நானும் அதற்கு மேல் போகவில்லை.

சாட்சியம் உறுதியாக உள்ள இடம் இந்தியப் பெருங்கடல். 1695 செப்டம்பர். மெக்காவிலிருந்து ஹஜ் பயணிகளோடு சூரத்துக்குத் திரும்பிய ஔரங்கசீப்பின் 'கஞ்ஜ்-இ-சவாய்' கப்பலை ஹென்றி எவரி என்ற ஆங்கிலக் கொள்ளையன் பிடித்தான். மொகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதியபடி, மோக்காவிலும் ஜித்தாவிலும் இந்தியச் சரக்கை விற்று வந்த 52 லட்சம் ரூபாய் அதில் இருந்தது. கப்பலில் 80 பீரங்கிகள், 400 துப்பாக்கிகள். இவ்வளவும் இருந்தும் கப்பல் போனது. தலைவன் இப்ராஹிம் கான் கீழ்த்தளத்துக்கு ஓடினாராம். அங்கே மோக்காவில் தாம் விலைக்கு வாங்கிய துருக்கிப் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் தலையில் தலைப்பாகையைச் சுற்றி, கையில் வாளைக் கொடுத்து, போய்ச் சண்டை போடுங்கள் என்று அனுப்பினாராம். ஜமைக்காவில் இரண்டு பெண்கள் தாமாகவே கால்சராய் மாட்டி ஆணாக நின்றார்கள். சூரத்துக் கடலில் ஒரு கோழை பெண்களுக்குத் தலைப்பாகை கட்டி ஆணாக நிறுத்தினான். மேற்கில் ஆணுக்கு அடையாளம் கால்சராய், இங்கே தலைப்பாகை. ஆளை வெட்டுமுன் கண் தேடும் இடம்கூட ஊருக்கு ஊர் மாறுகிறது.

இந்தக் கொள்ளைக்குப் பழி வாங்கத் தலைநகர் தில்லி செய்தது என்ன என்று கேட்பீர்கள். ஔரங்கசீப் அப்போது தக்காணப் பாசறையில் இருந்தார். சூரத்தில் இருந்த ஆங்கிலக் கம்பெனி ஊழியர்களை விலங்கு பூட்டி அடைத்தார்கள். ஐரோப்பியரை மொகலாய எழுத்தர்கள் பொதுவாகவே தொப்பிக்காரர் என்று குறிப்பது வழக்கம். எவன் வணிகன், எவன் கொள்ளையன்? இருவர் தலையிலும் தொப்பிதான். காஃபி கானே பின்னர் பம்பாய்க் கோட்டைக்கு ஆங்கிலேயரைப் பார்க்கப் போனார். வழிநெடுக வயது வாரியாக நிறுத்தப்பட்டிருந்த துப்பாக்கி வீரர்களின் உடைகளை அவர் விவரித்திருப்பதைப் படித்தால், கணக்குக் கேட்கப் போனவரா துணிக்கடையில் நுழைந்தவரா என்ற ஐயம் வரும். சரிகைப் பட்டு உடுத்திய கிழவர்கள், தொப்பி விளிம்பில் முத்துக் கோத்த சிறுவர்கள், ஒன்றையும் விடவில்லை.

கொள்ளையர் இந்தியக் கடலில் அள்ளிய பட்டையும் மஸ்லினையும் என்ன செய்தார்கள்? மடகாஸ்கருக்கு அருகே செயின்ட் மேரி என்ற சிறு தீவு. அங்கே ஆடம் பால்ட்ரிட்ஜ் என்றொருவர் 1690களில் கொள்ளையருக்குக் கடை வைத்திருந்தார். நியூயார்க் வணிகர்கள் அவருக்குச் சரக்கு அனுப்பினார்கள். 1693 ஆகஸ்டில் வந்த ஒரு கப்பலில் என்ன இருந்தது என்று பிற்பாடு வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். 44 ஜோடிக் காலணி, 6 டஜன் காலுறை, 3 டஜன் புள்ளிச் சட்டையும் கால்சராயும், 12 தொப்பி, தச்சுக் கருவிகள், 5 பீப்பாய் ரம். இந்தப் பட்டியல் எனக்கு எந்தப் புதையல் வரைபடத்தைவிடவும் பிடிக்கும். உலகத்திலேயே விலை உயர்ந்த துணிகளின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் நியூயார்க்கிலிருந்து வரும் சட்டைக்கும் காலுறைக்கும் காத்திருந்தார்கள். மஸ்லின் மாலுமி வேலைக்கு உதவாது. கயிறு இழுத்தால் அரை நாளில் கந்தல். தைக்க ஆளும் வேண்டும். கொள்ளையடித்த பட்டு விற்பதற்கு, வாங்கிய காடாச் சட்டை உடுத்துவதற்கு.

வங்காளத்துக்குப் போவோம். 17ஆம் நூற்றாண்டில் சிட்டகாங்கைத் தளமாகக் கொண்டு அரக்கானின் மகர்களும் போர்த்துக்கீசிய ஃபிரங்கிகளும் ஆற்று வழியே உள்ளே வந்து ஆள் பிடித்தார்கள். பிடித்தவர்களின் உள்ளங்கையில் துளையிட்டு மெல்லிய பிரம்பைக் கோத்துக் கட்டினார்கள் என்று மொகலாய எழுத்தர் ஷிஹாபுத்தீன் தாலிஷ் எழுதுகிறார். இந்தக் கொடுமையை ஐரோப்பாவுக்குச் சொன்னவர்களில் ஒருவர் பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே. ஷாஜகானாபாத்தில் குடியிருந்து, 1663இல் தில்லி நகரத்தை வர்ணித்துக் கடிதம் எழுதினாரே, அவரேதான். இந்த ஃபிரங்கிகள் எப்படி இருந்தார்கள் என்று பார்க்க நூலகம் வேண்டாம். பிஷ்ணுபூர், பான்ஸ்பேரியா முதலிய ஊர்களின் சுடுமண் கோயில்களுக்குப் போனால் போதும். வங்காளத்துக் கோயில் சுவர்களில் ராமாயணக் காட்சிக்கும் கிருஷ்ண லீலைக்கும் கீழே ஒரு வரிசை. படகில் தொப்பியும் துப்பாக்கியுமாகச் சிறு சிறு ஆட்கள். பாதிக்கப்பட்ட நாட்டின் கைவினைஞன் பிடித்த படம் அது.

1666 ஜனவரியில் வங்காள ஆளுநர் ஷாயிஸ்தா கான் சிட்டகாங்கைப் பிடித்தார். எப்படி? அதற்குச் சில வாரங்கள் முன்பே அந்த ஃபிரங்கிகளைப் பணம் கொடுத்துத் தம் பக்கம் இழுத்துவிட்டார். அதே ஆட்கள், அதே தொப்பி, அதே கால்சராய். நேற்றுவரை கொள்ளையர், இன்று தில்லிப் பாதுஷாவின் படை.

மலபாரில் கதை இன்னும் சிக்கல். அந்தக் கரையின் கடற்கொள்ளை பழையது. முசிறிக்கு வரும் ரோமக் கப்பல்களில் வில்லாளிகளை ஏற்றி அனுப்பியதாக முதல் நூற்றாண்டில் பிளினி எழுதினார். 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ, மலபார்க் கொள்ளையர் மனைவி மக்களோடு கடலில் இருப்பார்கள், கப்பல்களைத் தூரந்தூரமாக நிறுத்தி வலைபோல் வளைப்பார்கள், புகையாலும் நெருப்பாலும் சைகை காட்டுவார்கள் என்றார். குடும்பத்தோடு போனவர்கள் தனிச் சீருடையிலா போயிருப்பார்கள்? வேட்டியும் வெற்று மார்புமாகத்தான். சட்டை அந்நியனின் அடையாளம். நம் முல்லைப்பாட்டு யவனக் காவலரைச் சட்டைக்காரர்களாகவே காட்டுகிறது, அச்சம் தரும் தோற்றம் என்று சொல்லியே காட்டுகிறது.

இந்தக் கரையில்தான் குஞ்ஞாலி மரைக்காயர்கள். கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்கள். போர்த்துக்கீசியருக்கோ அவர்கள் கொள்ளையர். கடல் தன்னுடையது, அனுமதிச் சீட்டு இல்லாமல் மிதக்கிற எவனும் குற்றவாளி என்று ஒருவன் சொன்னால், மீறுகிறவனெல்லாம் கொள்ளையன்தானே? நம் இராமநாதபுரக் கரையின் வேதாளையிலும் 1538இல் மரைக்காயர் படையும் போர்த்துக்கீசியரும் மோதினார்கள். மரைக்காயர் தோற்றார்கள். நான்காம் குஞ்ஞாலி கடைசியில் சாமூதிரியையே பகைத்துக்கொள்ள, சாமூதிரியும் போர்த்துக்கீசியரும் கை கோத்தார்கள். 1600 மார்ச்சில் குஞ்ஞாலியின் கோட்டை விழுந்தது. சரணடைய வெளியே வந்த குஞ்ஞாலியைப் போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் கோட்டோ காட்டுகிறார். தலையில் கறுப்புத் துணி, கையில் நுனியைத் தாழ்த்திப் பிடித்த வாள். குள்ளமான, அகன்ற தோளுள்ள, ஐம்பது வயது மனிதர். வாளைச் சாமூதிரியிடம் கொடுத்தார். உயிர்ப்பிச்சை தருவதாக இருந்த வாக்கைப் போர்த்துக்கீசியர் காற்றில் விட்டு, கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள்.

ஒரு கறுப்புத் தலைத்துணி. பகைவன் எழுதியதாயினும் அவர் உடையைப் பற்றி நேரில் பார்த்ததுபோல வந்து சேரும் செய்தி அதுதான். இனி 2021 அக்டோபருக்கு வாருங்கள். இதே தில்லியில், விஞ்ஞான் பவனில், தேசியத் திரைப்பட விருது விழா. குஞ்ஞாலியைப் பற்றிய பிரியதர்ஷனின் மலையாளப் படம் சிறந்த படத்துக்கான விருதைப் பெற்றது. சிறந்த உடை வடிவமைப்புக்கான விருதும் அதற்கே. மோகன்லாலுக்கு உடுத்திய தோலும் கவசமும் கண்ணுக்குக் குறைவில்லாத விருந்து. கைவேலையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உடை கோழிக்கோட்டு வெயிலுக்குத் தைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஹோவர்ட் பைலின் கை அவ்வளவு நீளம்.

கொங்கணத்துக் கானோஜி ஆங்கரேக்கும் இதே தலைவிதி. 1729இல் இறக்கும்வரை மராட்டியக் கடற்படைத் தலைவர். ஆங்கில நூல்களில் கொள்ளையன். இன்று மும்பையில் இந்தியக் கடற்படைத் தளத்துக்கே அவர் பெயர். அவருடைய கப்பல்களில் வேலை செய்த கோளி மீனவர்கள் இடுப்பில் முக்கோணமாக மடித்துக் கட்டும் துணியை மும்பையில் வயதான கோளிகளிடம் இன்றும் பார்க்கலாம். தலைவர் மராட்டிய சர்தாரின் பாகையில், ஆட்கள் மீனவனின் அரைத்துணியில்.

தலைவன் என்றால் பட்டு உடுத்தியாக வேண்டும் என்பதும் எல்லாக் கடலிலும் விதியல்ல. பாரசீக வளைகுடாவில் ரஹ்மா பின் ஜாபிர் என்றொருவர். 1826இல், தோற்கும் நிலையில் தன் கப்பலுக்குத் தானே தீ வைத்து வெடித்து இறந்தவர். அவரைப் பார்த்த ஆங்கிலப் பயணி பக்கிங்ஹாம் எழுதியதைச் சொல்கிறேன். ஒரு சட்டை. போட்டால் கிழியும்வரை கழற்றுவதில்லை. காலுக்கு எதுவும் இல்லை. மேலே ஆட்டுமயிரில் நெய்த பெரிய கறுப்புப் போர்வை. தலையில் எண்ணெய்ப் பிசுக்கேறிய அழுக்குத் துணி. ஆட்களிடமிருந்து தலைவனைப் பிரித்தறிய முடியாது. ராபர்ட்ஸின் கருஞ்சிவப்புப் பட்டோடு இதை வைத்துப் பாருங்கள். பாலைவனக் குலத்தில் தலைவன் தன் ஆட்களைப்போல் உடுத்துவதே அவன் அதிகாரம்.

கிழக்கே போக நேரம் போதாது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1809இல் சீனக் கொள்ளையரிடம் சிக்கிய கிளாஸ்பூல் என்ற கம்பெனிக் கப்பல் அதிகாரி, அவர்கள் தலைவன் ஊதாப் பட்டும் கறுப்புத் தலைப்பாகையுமாக மேல்தளத்தில் நாற்காலியில் அமர்ந்திருந்ததைக் குறித்தார். பிலிப்பைன்சின் மிந்தனாவோ தீவைச் சேர்ந்த இரானுன் கொள்ளையர் பஞ்சு வைத்துத் தைத்த தடித்த சிவப்பு மேற்சட்டையைக் கவசமாக அணிந்தார்கள். 16ஆம் நூற்றாண்டுச் சீனக் கரையில் 'ஜப்பானியக் கொள்ளையர்' என்று பேர் வாங்கியவர்களில் பெரும்பாலோர் சீனர்களே. ஓவியங்களில் மழித்த முன்தலையும் வெறுங்காலும் கோவணமுமாக இருக்கிறார்கள். தாங்கள் பிடித்த சீனர்களின் தலையையும் அதேபோல் மழித்துவிட்டு முன்னே விரட்டினார்கள். தப்பி ஓடினால் சொந்த நாட்டுப் படையே வெட்டும்.

இந்தக் கடைசிச் செய்தியிலிருந்து நம் காலத்துக்கு ஒரே எட்டு. சோமாலியக் கொள்ளையர் உடுத்துவது அந்தக் கரை மீனவரின் உடையே. டி-ஷர்ட்டும் நம் கைலி போன்ற இடுப்புத் துணியும். 2024 மார்ச்சில் ஐ.என்.எஸ். கொல்கத்தா 35 பேரைப் பிடித்து மும்பைக்குக் கொண்டுவந்தது. இவர்களைப் போன்றோரை விசாரிக்கத் தில்லி நாடாளுமன்றம் 2022இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. கடலில் ரோந்து போகும் கப்பல்கள் உடையைப் பார்ப்பதில்லை. படகில் ஏணி உண்டா, கொக்கி உண்டா, மீன்வலை உண்டா என்று பார்க்கின்றன.

அந்தக் கணிப்பும் தவறலாம். 2012 பிப்ரவரி 15. கேரளக் கரைக்கு அப்பால், இத்தாலிய எண்ணெய்க் கப்பல் 'என்ரிகா லெக்ஸி'யில் காவலுக்கிருந்த இரண்டு கடற்படை வீரர்கள், நெருங்கி வந்த ஒரு படகைக் கொள்ளையர் படகு என்று எண்ணியதாகச் சொல்லிச் சுட்டார்கள். அது 'செயின்ட் ஆண்டனி' என்ற மீன்பிடிப் படகு. இறந்த இருவரில் ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். சுட்ட வீரர்கள் வழக்கு நடக்கும்போது சாணக்கியபுரியில், இத்தாலியத் தூதரகத்தில் தங்கியிருந்தார்கள். இந்த அரங்கில் இருக்கும் சிலர் அந்தச் சுவரைத் தாண்டித்தான் அன்றாடம் அலுவலகம் போயிருப்பீர்கள். இத்தாலி 10 கோடி ரூபாய் கட்டியபின், 2021 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியாவில் இருந்த வழக்கை முடித்துவைத்தது. இறந்தவர் குடும்பங்களுக்கு ஆளுக்கு 4 கோடி, படகுக்காரருக்கு 2 கோடி.